கரையோரமும் கடலோரமும்

நாகப்பட்டினத்தில் என் மச்சாள் வீட்டுத் திண்ணையில் இருந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் அந்தக் கேள்வியைக் கேட்டார். கடலோரப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர். நான் வந்த நாளில் இருந்து பின்னேரம் தவறாமல் வந்து ஊர்ப்புதினம் கேட்பவர்.

"ஏங்க, உங்க ஊர்ல ஒரு போட்டு காணாமப் போச்சுன்னா யாரைக் கூப்பிடுவீங்க? அங்க ஆளே பத்தாதாமே. கடைசியில எங்க கப்பல் வந்துதானே தேடிக் குடுக்கணும்?"

மச்சாள் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். "ஆள் பத்தாது எண்டு நாங்கள் ஒருநாளும் தேடாமல் விட்டதில்லை ஐயா" என்று மட்டும் சொன்னேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவர் பேச்சை மாற்றி, கப்பலில் தலைசுற்று வந்ததா என்று விசாரித்தார். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில் ஒரு வசனத்துக்குள் அடங்காதது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் வடமராட்சிக்காரன். பருத்தித்துறைக்குக் கிழக்கே ஒரு கரையில் பிறந்து, அங்கேயே கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தில் 22 வருடம் செயலாளராக இருந்தவன். 2024 ஓகஸ்டில் காங்கேசன்துறைக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே 'சிவகங்கை' ஓடத் தொடங்கிய பிறகுதான், 1990 இல் அகதியாகப் போன மச்சாளின் வீட்டைக் கண்ணால் பார்க்கக் கிடைத்தது. சுமார் 110 கிலோமீற்றர். நாலு மணித்தியாலத்துப் பயணம். அங்கே நின்றது ஒன்பது நாள். அக்கரைப்பேட்டைத் துறைமுகத்தை இரண்டு தரம் பார்த்தேன். கடலோரக் காவல்படையின் படகுகளைத் தூரத்தில் நின்று பார்த்தேன். மற்றதெல்லாம் மச்சாளின் மருமகனும் அவருடைய கூட்டாளிகளும் சொல்லக் கேட்டவை.

முதலில் சொற்கள். ஒரே தமிழ், ஒரே கடல், ஆனால் ஒரே வேலைக்கு இரண்டு பக்கமும் வேறு வேறு பெயர். அங்கே 'கடலோரக் காவல்படை'. எங்களிடம் 'கரையோரப் பாதுகாப்புத் திணைக்களம்'. அவர்கள் கடலில் தொடங்குகிறார்கள், நாங்கள் கரையில் தொடங்குகிறோம். அங்கே 'பேரிடர் மேலாண்மை', இங்கே 'அனர்த்த முகாமைத்துவம்'. அங்கே கலங்கரை விளக்கம், இங்கே வெளிச்சவீடு. பருத்தித்துறையில் 1916 இல் கட்டிய வெளிச்சவீட்டைக் கலங்கரை விளக்கம் என்று யாராவது சொன்னால் எங்கள் கிழவிகள் எந்த இடம் என்று கேட்பார்கள்.

ஆள் பற்றாக்குறைக்கும் அப்படித்தான். நாங்கள் 'ஆளணி' என்போம். ஒரு காரியாலயத்துக்கு அனுமதிக்கப்பட்ட ஆட்தொகை அது. ஆள் இல்லாத கதிரை 'வெற்றிடம்'. அந்த வேலையைத் தற்காலிகமாகப் பார்ப்பவர் 'பதில் கடமை'. நாகப்பட்டினத்தில் வெற்றிடம் 'காலிப் பணியிடம்' ஆகிறது. பதில் கடமை 'கூடுதல் பொறுப்பு' ஆகிறது. ஓர் இடத்து ஆளை இன்னோர் இடத்துக்கு அனுப்பினால் 'மாற்றுப் பணி'. திருவிழாவுக்கு அனுப்பினால் 'பந்தோபஸ்து'. பந்தோபஸ்து என்ற சொல்லை மருமகன் ஒரு நாளில் பத்துத் தரமாவது சொல்லியிருப்பார்.

எனக்கு நெஞ்சில் தைத்த சொல் 'தேடுதல்'. அங்கே சுவரொட்டியிலும் அறிவிப்புப் பலகையிலும் 'தேடுதல் மற்றும் மீட்பு' என்று எழுதியிருக்கிறார்கள். அதைக் கண்டதும் ஒரு கணம் என் கால் நின்றுவிட்டது. எங்கள் தலைமுறைக்குத் தேடுதல் என்றால் விடியப்புறம் ஊரைச் சுற்றி வளைப்பது, ஆண்களைக் கோயில் வீதியில் இருத்துவது. கடலில் காணாமல் போனவனைப் பார்க்கப் போவதை எங்கள் கரையில் யாரும் தேடுதல் என்று சொல்வதில்லை. 'பாக்கப் போறது' என்போம். "ஆறு போட்டு பாக்கப் போட்டுது." அவ்வளவுதான்.

இந்தியாவின் ஏற்பாடு பெரியது. அதை மறுக்க நான் வரவில்லை. அவர்களுடைய கடலோரக் காவல்படை 1978 இல் சட்டத்தோடு பிறந்தது. மும்பாய், சென்னை, போர்ட் பிளேயர் என்று மூன்று இடத்தில் கடல் மீட்பு ஒருங்கிணைப்பு நிலையங்கள். மண்டபத்தில் ஹோவர்கிராஃப்ட் நிற்கிறது. 1554 என்று அழைத்தால் காவல்படை, 1093 என்று அழைத்தால் தமிழ்நாட்டுக் கடலோரப் பாதுகாப்புக் குழுமம். அந்தக் குழுமத்தைச் சனம் 'மரைன் போலீஸ்' என்றுதான் சொல்கிறது. 1994 இல் தொடங்கியது. தமிழ்நாட்டின் 1076 கிலோமீற்றர் கரைக்கு இப்போது 42 மரைன் பொலிஸ் நிலையங்கள். செய்மதி வழியே ஆபத்துச் செய்தி அனுப்பும் கருவியை அவர்களுடைய விண்வெளி நிறுவனமே செய்து கொடுத்திருக்கிறது. அதில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும்.

எங்கள் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களம் 2009 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்து, 2010 மார்ச்சில் வேலை தொடங்கியது. முப்பது வயது இளையது. அதன் வேலைக்கு ஆள் பெரும்பாலும் கடற்படையில் இருந்துதான் வர வேண்டும். ஆனால் பக்கத்து வீட்டு ஐயாவுக்கு நான் சொல்ல நினைத்த கணக்கு வேறு. சர்வதேச ஏற்பாட்டின்படி இலங்கை தேடிப் பார்க்க வேண்டிய கடல் சுமார் 17 இலட்சத்து 78 ஆயிரம் சதுர கிலோமீற்றர். எங்கள் நிலம் 65,610. நிலத்தைப் போல் 27 மடங்கு கடல். இந்தியாவின் பங்கு சுமார் 46 இலட்சம் சதுர கிலோமீற்றர். அவர்களுடைய நிலத்தோடு பார்த்தால் ஒன்றரை மடங்கு கூட வராது. ஒரு சின்னத் தீவின் தலையில் இவ்வளவு தண்ணீரைச் சுமத்திவிட்டு "உங்களிடம் ஆள் இல்லையே" என்று கேட்பது நீதியான கேள்வி ஆகாது.

அவர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. 2020 செப்டெம்பரில் கிழக்குக் கடலில் 'நியூ டயமண்ட்' எண்ணெய்க் கப்பல் எரிந்தபோதும், 2021 இல் கொழும்புக்கு வெளியே 'எக்ஸ்பிரஸ் பேர்ள்' எரிந்தபோதும் இந்தியக் கப்பல்கள் வந்து எங்கள் கடற்படையோடு சேர்ந்து நின்றன. நன்றி மறக்கக் கூடாது. ஆனால் எரிகிற பெரிய கப்பலுக்கு வருகிறவர்கள், பத்தொன்பது அடி பிளாஸ்டிக் போட்டில் இரண்டு பேர் வராமல் விட்டதற்கு வருவதில்லை. வரவும் முடியாது. அது எங்கள் கரை பார்க்க வேண்டிய வேலை.

அந்த வேலைக்கு ஆள் குறைந்தால் என்ன செய்வது என்பதற்கு எங்களிடம் ஒரு திட்டம் உண்டு. அது ஒரு கொப்பியில் இருக்கிறது.

2013 மார்கழி. வாடை பலமாக இருந்த காலம். அண்ணன் தம்பி இரண்டு பேர் பின்னேரம் வலை படுக்கப் போனவர்கள் விடியத் திரும்பவில்லை. எங்கள் கரையில் முதலில் கணக்குப் பார்ப்பது பெண்கள். யாருடைய போட்டு வந்தது, யாருடையது வரவில்லை என்று எந்தப் பதிவேடும் இல்லாமல் அவர்களுக்குத் தெரியும். ஒன்பது மணிக்கு அந்தத் தாய் சங்கத்து வாசலில் வந்து நின்றாள். அழவில்லை. "செயலாளர், என்ரை ரெண்டும் இன்னும் வரேல்லை" என்றாள்.

நான் ஓர் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். எடுத்தவருக்குத் தமிழ் தெரியாது. எனக்குத் தெரிந்த சிங்களம் கடையில் சாமான் வாங்கக் காணும், இதற்குக் காணாது. தமிழ் தெரிந்தவர் லீவில் போய்விட்டார் என்பதை மட்டும் எப்படியோ விளங்கிக்கொண்டேன். இப்படியான நேரங்களில் எங்களுக்காகப் பேசுகிற அக்கா ஒருவர் ஊரில் இருந்தார். நீர்கொழும்பில் இருந்து மணம் முடித்து வந்தவர். சிங்களம் அவர் வாயில் தண்ணீராய் ஓடும். அன்றைக்கு அவர் ஒரு செத்தவீட்டுக்கு நீர்கொழும்பு போயிருந்தார். கைத்தொலைபேசியும் எடுபடவில்லை. அங்கே ஓர் ஆள் இல்லை, இங்கே ஓர் ஆள் இல்லை. இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் அப்படியே போனது.

அதற்குள் எங்கள் போட்டுகள் போய்விட்டன. யாரும் யாரையும் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. சங்கத்துப் பீப்பாவைத் திறந்து மண்ணெண்ணெய் அளந்து ஊற்றினேன். ஆறு போட்டு. ஒரு வீட்டில் இருந்து ஒருவர்தான் பார்க்கப் போகலாம் என்பது பழைய கட்டுப்பாடு. காணாமல் போனவனின் சொந்தத் தகப்பனோ தமையனோ எஞ்சினைப் பிடிக்கக் கூடாது என்பதும் அப்படியே. ஏன் என்று சொல்லத் தேவையில்லை. வலை எத்தனை பாகத் தண்ணீரில் படுத்தது, காற்று எப்போது திரும்பியது, ஓட்டம் எந்தப் பக்கம் என்று வயதானவர்கள் மணலில் கோடு கீறிச் சொன்னார்கள். கோட்டின்படி போனார்கள். பின்னேரம் நாலு மணிக்குச் சுண்டிக்குளத்துக்கு வெளியே, துடுப்பில் சாரத்தைக் கட்டி உயர்த்திப் பிடித்துக்கொண்டு இருவரும் இருந்தார்கள். எஞ்சின் பழுது. வாய் உப்பில் வெடித்திருந்தது. உயிருக்குச் சேதம் இல்லை.

நீர்கொழும்பு அக்கா திரும்பி வந்ததும், அவரைச் சங்கத்தில் இருத்தி நான் ஒரு கொப்பி எழுதினேன். எண்பது பக்கச் சீ.ஆர். கொப்பி. சிங்கள வசனங்களைத் தமிழ் எழுத்தில். 'தெமள தன்ன கெனெக் இன்னவாத?' அதாவது தமிழ் தெரிந்த யாரும் இருக்கிறார்களா. 'அபே போட்டுவக் நெத்திவெலா.' எங்கள் போட்டு ஒன்று காணாமல் போய்விட்டது. 'தென்னெக் இன்னவா.' இரண்டு பேர் இருக்கிறார்கள். இலக்கங்கள், திசைகள், காற்றின் பெயர்கள், எஞ்சினின் குதிரைவலு. வெற்றிடம் விட்டு எழுதி, அந்த இடத்தில் விரலை வைத்துப் படிக்கப் பழக்கினோம். வாசிக்கத் தெரிந்த பிள்ளை எவரும் எடுத்துப் பேசலாம். சங்கத்துக் கதவுக்குப் பின்னால் ஆணியில் நூலில் தொங்குகிறது. சங்கம் பூட்டியிருந்தால் திறப்பு எந்த மூன்று வீட்டில் இருக்கும் என்பது கதவிலேயே வெள்ளைப் பூச்சால் எழுதியிருக்கிறது.

இதைத்தான் நான் ஆளணித் திட்டம் என்று சொல்வேன். ஓர் ஆள் இல்லாவிட்டால் யார், அவரும் இல்லாவிட்டால் யார், ஒருவருமே இல்லாவிட்டால் எந்தக் காகிதம் என்று ஓர் ஊர் யோசித்து வைப்பது.

நாகப்பட்டினத்தில் இதை மருமகனுக்குச் சொன்னபோது அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "மாமா, எங்களுக்கும் அதே கதைதான். 1093-ல தமிழ்ல பேசலாம். கப்பல்ல இருக்கிறவங்க பாதிப் பேரு வடக்க. சேனல் 16-ல ஹிந்தியில கேட்பாங்க. நம்ம ஆளு மைக்கைக் கையில வச்சுக்கிட்டு முழிப்பான்." அதைக் கேட்டதும் என் மனம் இலேசானது. அப்படி இலேசாகியிருக்கக் கூடாது. அவன் முழிக்கிற அந்த நிமிடத்தில் கடலில் ஒருவன் மிதந்துகொண்டிருக்கிறான்.

இந்த விஷயத்தில் தமிழ்நாடு எங்களைவிட ஒரு படி மேலே போய்விட்டது. மீனவ இளைஞர்களைக் கடலோர ஊர்க்காவல் படையில் சேர்த்திருக்கிறார்கள். கடலோரக் காவல்படையிலும் கடற்படையிலும் 'நாவிக்' வேலைக்குப் போக விரும்பும் மீனவப் பிள்ளைகளுக்கு மூன்று மாதம் இலவசப் பயிற்சி கொடுக்கிறார்கள். பயிற்சிக்குப் போய்வந்த ஒரு பையனைச் சந்தித்தேன். தகப்பன் நாட்டுப்படகுக்காரர். கையில் வலை இழுத்த காய்ப்பு இன்னும் போகவில்லை. காற்றின் பெயர் தெரிந்தவன் சீருடைக்குள் போகிறான். எங்கள் கரையில் இருந்து ஒரு பிள்ளை அப்படிப் போக எவ்வளவு காலம் எடுக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். எங்கள் தாய்மார் இன்னும் சீருடையைக் கண்டால் பிள்ளையை உள்ளே கூப்பிடுகிறவர்கள். அதற்கு அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இரண்டு பக்கத்திலும் கரையைக் காக்கிற ஆட்கள் பார்ப்பது கரைக்கு வருகிறவனை. அங்கே 'சாகர் கவாச்' என்று ஒத்திகை நடக்கிறது. பயங்கரவாதி வேடத்தில் ஆட்கள் கடல் வழியாக வருவார்கள், பொலிசார் பிடிப்பார்கள். மும்பாய்த் தாக்குதலுக்குப் பிறகு அந்தப் பயம் நியாயமானது. எங்கள் பக்கம் கஞ்சாப் போட்டையும் எல்லை தாண்டும் றோலர் என்ற இழுவைப்படகையும் பார்த்து நிற்கிறார்கள். றோலர்கள் எங்கள் வலையை அறுத்துப் போன இரவுகளில் அந்தக் காவலை நாங்களே கெஞ்சிக் கேட்டிருக்கிறோம். ஆனால் கரைக்கு வராதவனை யார் பார்ப்பது? ஆள் கூடினாலும் குறைந்தாலும் அவன் கணக்கு இரண்டு நாட்டிலும் கடைசியில்தான் வருகிறது.

பந்தோபஸ்துக்கு வருவோம். வேளாங்கண்ணியில் ஓகஸ்ட் 29 கொடியேறினால் செப்டெம்பர் 8 வரை இலட்சக்கணக்கான சனம். பல மாவட்டத்துப் பொலிஸ் அங்கே குவியும், மரைன் நிலையத்து ஆட்களும் சேர்த்து. அப்போது நிலையத்துப் படகை ஓட்ட ஆள் இருக்குமா என்று கேட்டேன். "ரெண்டு பேரு இருப்பாங்க" என்றார் மருமகனின் கூட்டாளி. இரண்டு பேரில் ஒருவர் எழுத்து வேலைக்கு.

எங்கள் கரையில் திருவிழாவுக்கு வேறு ஏற்பாடு. நத்தாருக்கும் பெரிய கிழமைக்கும் வேதக்கார ஊர்கள் கடலுக்குப் போவதில்லை. அந்த நாட்களில் பக்கத்துச் சைவ ஊர்களின் போட்டுகள் ஆயத்தமாக நிற்கும். எங்கள் அம்மன் தேருக்கும் தைப்பொங்கலுக்கும் அவர்கள் நிற்பார்கள். யாரும் கையெழுத்து வைத்த ஒப்பந்தம் இல்லை. புரட்டாதியில் வல்லிபுர ஆழ்வார் கடல் தீர்த்தம் ஆடப் போகும்போது ஆயிரக்கணக்கான சனம் அலைக்குள் இறங்கும். அன்றைக்கு இடுப்பளவு தண்ணீருக்கு அப்பால் எங்கள் போட்டுகள் வரிசையாகக் காவல் நிற்கும். அதில் வேதக்காரப் பெடியளும் இருப்பார்கள். ஒருமுறை அவர்களில் ஒருவன் மூன்று பிள்ளைகளைத் தலைமயிரில் பிடித்து இழுத்து எடுத்தான். அவனுக்கு ஆழ்வார் கோயிலில் மாலை போட்டார்கள். சித்திரை வருடப் பிறப்புக்குச் சீருடைக்காரர் பாதிப் பேர் தெற்கே ஊருக்குப் போய்விடுவார்கள் என்பதும் எங்களுக்குத் தெரியும். அந்தக் கிழமைக்குச் சங்கத்துப் பீப்பாவில் மண்ணெண்ணெய் குறையாமல் பார்ப்பது என் வேலை.

அவர்களுடைய ஏற்பாட்டில் எனக்கு ஓர் ஓட்டை தெரிந்தது. ஏப்ரல் 15 இல் இருந்து ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடை. மீன் குஞ்சு பொரிக்கிற காலம் என்று விடுகிறார்கள். நல்ல சட்டம், எங்களிடமும் அப்படி ஒன்று வேண்டும். ஆனால் நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை. பெரிய படகுகள் கட்டிக் கிடக்க, அதில் வேலை செய்கிறவர்கள் கேரளப் பக்கம் கூலிக்குப் போய்விட, சின்னப் படகு மட்டும் தனியாகக் கடலில் நிற்கிறது. அந்த இரண்டு மாதத்தில் ஒரு நாட்டுப்படகு வராவிட்டால் பார்க்கப் போகப் பெரிய படகும் இல்லை, ஓட்ட ஆளும் இல்லை. இதைச் சொன்னபோது பக்கத்து வீட்டு ஐயா மறுத்தார். கப்பல் இருக்கிறது, டோர்னியர் விமானம் இருக்கிறது என்றார். இருக்கிறதுதான். ஆனால் ஓர் ஊர்க்காரனுக்கு ஊர்க்காரன் கடலில் எங்கே வலை போடுவான் என்று தெரிவது போல் விமானத்துக்குத் தெரியுமா?

இந்தக் கேள்விக்குப் பதில் அவர்களிடமே இருக்கிறது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை மீனவர்கள் ஆழ்கடலில் நின்றார்கள். கரையில் இருந்த சனம், எங்களையும் கப்பலில் ஏற்றுங்கள், எங்கே தேட வேண்டும் என்று எங்களுக்குத்தான் தெரியும் என்று கேட்டது. பூந்துறையிலும் விழிஞ்ஞத்திலும் மீனவர்கள் தாங்களே படகெடுத்துப் போனார்கள். பிறகு மீனவர்களைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு தேடினார்கள். வராமல் போனவர்கள் போக வந்தவர்களும் உண்டு. ஆள் எண்ணிக்கை நிறைந்த படைக்கும் அந்த நேரத்தில் குறைந்த ஆள் யார் என்றால் இடம் தெரிந்த ஆள். அந்த ஆள் கரையில்தான் நின்றான். கன்னியாகுமரிக் கரையும் எங்கள் கரையும் இதில் ஒரே கரை. இதைச் சொல்லும்போது எனக்கு இந்தியா, இலங்கை என்ற பேச்சே மறந்துபோகிறது.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் இலங்கையைப் போட்டு உலுப்பியபோது நடந்ததையும் நினைக்கிறேன். உள்நாட்டில் வெள்ளம். கடற்படையின் சின்னப் படகுகளும் ஆட்களும் சனத்தை ஏற்றி இறக்க உள்ளே போனார்கள். போகத்தான் வேண்டும். கூரையில் நிற்கும் குடும்பத்தை விட்டுவிட்டுக் கரையைக் காவல் காக்க முடியாது. ஒரே ஆள் இரண்டு இடத்தில் நிற்க முடியாத நாள் அது. அப்படியான நாளில் கரைக்குக் கரைதான்.

2024 ஜூனில் கொழும்பில் கடற்படைத் தலைமையகத்தில் புதிய கடல் மீட்பு ஒருங்கிணைப்பு நிலையம் தொடங்கியது. இந்தியாவின் 60 இலட்சம் டொலர் நன்கொடை. அம்பாந்தோட்டையில் உபநிலையம். காலி, அறுகம்பை, மட்டக்களப்பு, திருகோணமலை, கல்லராவ, முள்ளிக்குளம், பருத்தித்துறை ஆகிய இடங்களில் ஆளில்லா நிலையங்கள். எங்கள் பருத்தித்துறைக்கு வந்தது ஆளில்லா நிலையம். கருவி கேட்கும், கொழும்புக்குச் சொல்லும். ஆபத்து அழைப்புக்கான சேனல் 16 இல் கத்தக்கூடிய வானொலி எங்கள் பத்தொன்பது அடிப் போட்டுகளில் எத்தனையில் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் ஒரு கை விரல் போதும். பலநாள் படகுகளுக்குக் கண்காணிப்புக் கருவி உண்டு. ஒருநாள் தொழில் செய்கிற எங்களுக்கு இல்லை. கருவி வந்ததில் எனக்குச் சந்தோசம்தான். ஆனால் அதன் பக்கத்தில் ஒரு கதிரையும், தமிழ் தெரிந்த ஒருவரும், அவர் லீவில் போனால் இன்னொருவரும் வேண்டும் என்று கேட்பது பேராசையா?

நாகப்பட்டினத்தில் இருந்து திரும்பி வந்த அடுத்த கிழமை சங்கத்துக்குப் போய்க் கொப்பியை ஆணியில் இருந்து எடுத்தேன். வசனங்களுக்குப் பின்னால் ஆள் பட்டியல் இருக்கிறது. 'கடலுக்கு' என்று ஒரு பத்தி, 'கரைக்கு' என்று ஒரு பத்தி. 2014 தையில் நான் எழுதியபோது கடலுக்கு 31 பேர். இப்போதைய செயலாளர், என் பழைய மாணவன், சிவப்புப் பேனையால் வெட்டி வெட்டி வந்திருக்கிறான். வெட்டிய பெயருக்குப் பக்கத்தில் ஊர் எழுதியிருக்கிறான். பிரான்ஸ். கனடா. பிரான்ஸ். கட்டார். லண்டன். மூன்று பெயருக்குப் பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை. மிஞ்சியது ஒன்பது. அதில் இரண்டு பேர் ஐம்பத்தைந்து தாண்டியவர்கள். என் மகனின் பெயர் வெட்டியவற்றில் ஏழாவது.

"ஒரு வீட்டிலை ஒராள் எண்ட கட்டுப்பாட்டை எடுத்துவிடட்டோ மாஸ்டர்?" என்று அவன் கேட்டான்.

"எடாதை" என்றேன். வேறு என்ன செய்யலாம் என்று அவனும் நானும் இருட்டும் வரை கதைத்தோம். பக்கத்து மூன்று சங்கங்களின் பட்டியலையும் சேர்த்து ஒன்றாக்குவது என்று முடிவு. அதற்குச் சங்கங்களின் கூட்டான சமாசத்தில் பேச வேண்டும். மூன்று சங்கத்துக்கும் மண்ணெண்ணெய்க் கணக்கு வேறு, கோபதாபமும் வேறு. பேசிக்கொண்டிருக்கிறோம். 'கரைக்கு' என்ற பத்தியில் என் பெயரை நானே எழுதினேன். தொலைபேசியில் பேச என் கண்ணும் வாயும் இன்னும் காணும்.

போன வெள்ளிக்கிழமை நாகப்பட்டினத்தில் இருந்து மருமகன் அழைத்தார். பின்னால் பக்கத்து வீட்டு ஐயாவின் குரலும் கேட்டது. இருவரும் ஒரு நோட்டை வாங்கி வைத்துக்கொண்டு இருந்தார்கள். ஐயாவுக்கு ஹிந்தி வரும். அவர் சொல்லச் சொல்ல மருமகன் தமிழ் எழுத்தில் எழுதுகிறாராம்.

"மாமா, உங்க நோட்டுல வரிசை எப்படிப் போட்டீங்க? முதல்ல படகு நம்பரா, இடமா?"

"இல்லைத் தம்பி. லைன் எப்ப அறும் எண்டு தெரியாது. எத்தினை பேர் எண்டதை முதல் எழுதுங்கோ."